பழைய ஆறாம் நம்பரின் அம்மா

எங்கள் மைதானத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. விளையாடுகிறவர்களுக்கு முதுகில் இருக்கிற எண்தான் பெயர். பார்க்க வருகிற தாய் தகப்பன்மாருக்கும் அதே எண்தான். ‘ஒன்பதாம் நம்பரின் அப்பாவுக்குக் காய்ச்சலாம்’, ‘மூன்றாம் நம்பரின் அம்மா வேலை மாறிவிட்டாவாம்’ என்றுதான் கதை நடக்கும். வருடக்கணக்காகப் பக்கத்தில் இருந்து, ஒரே போத்தலில் தேத்தண்ணீர் பகிர்ந்து குடித்தவர்களின் உண்மைப் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

நான் ஆறாம் நம்பரின் அம்மா. வாசலில் டிக்கெட் கிழிக்கிற ட்ரினிடாட்காரக் கிழவர் என்னைக் கண்டதும் “மம்மா சிக்ஸ்!” என்று இரண்டு கையையும் விரிப்பார். அந்த வரவேற்புக்காகவே நான் கொஞ்சம் நேரத்தோடு போவதுண்டு. வாரம் முழுக்க ஒரு பல் வைத்தியரின் முன்மேசையில் இருந்து மெல்லிய குரலில் “கொஞ்சம் இருங்கோ, கூப்பிடுவினம்” என்று சொல்கிற எனக்கு, கையை விரித்து வரவேற்க வேறு யார் இருக்கிறார்கள்?

மகன் எங்கள் கால்பந்து கிளப்பின் பெரியவர்கள் அணியில் ஆறு வருடம் விளையாடினான். நடுவில் நின்று, எதிரணியிடம் பந்தைப் பிடுங்கி, தன் ஆட்களுக்குக் கொடுக்கிற இடம். பிறகு ஒரு வசந்த காலத்தில் பயிற்சிக்குப் போகவில்லை. முழங்கால் நோகவில்லை, யாரோடும் சண்டையும் இல்லை. “போதும் அம்மா” என்றான். அவ்வளவுதான். கலியாணம் செய்து பக்கத்து நகரமான அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

நான் போகவில்லை. அதாவது, மைதானத்தை விட்டுப் போகவில்லை.

அதற்காக என்னைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. முதல் ஆள் மகன்தான். “நான்தான் விளையாடுறேல்லையே அம்மா. ஆரின்ர மாட்சுக்கு அங்க போய்க் குளிருக்க நிக்கிறீங்கள்?” என்று தொலைபேசியில் சிரிப்பான். அவன் மட்டும் சனிக்கிழமை விடிந்தால் சோஃபாவில் படுத்துக்கொண்டு இங்கிலாந்தின் பெரிய லீக்கைப் பார்ப்பான். அங்கே யாரோ தோற்றால் இங்கே இவனுக்குச் சாப்பாடு இறங்காது. அந்த ஊரின் ஒரு தெருவைக்கூட மிதித்ததில்லை, அதற்குள் ‘நாங்கள் தோற்றுவிட்டோம்’ என்று பன்மையில் அழுகை.

கணவர் ஒரு தரம் வேலையிடத்தில் கிடைத்த டிக்கெட்டில் என்னை நகரத்தின் நடுவே இருக்கிற பெரிய மைதானத்துக்குக் கூட்டிப் போனார். படி ஏறினோம், இன்னும் ஏறினோம், மூச்சு வாங்கி உட்கார்ந்து கீழே பார்த்தால், விளையாடுகிறவர்கள் சுளகில் ஊர்கிற அரிசி வண்டு அளவுக்குத் தெரிந்தார்கள். கோல் விழுந்ததைப் பெரிய திரையைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன். திரையைத்தான் பார்ப்பதென்றால் வீட்டிலேயே இருந்திருக்கலாம், கால் நோவும் மிச்சம்.

எங்கள் மைதானம் அப்படியில்லை. ஸ்காபரோவில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்குப் பின்னால், மின்சாரக் கோபுரங்கள் வரிசையாகப் போகிற வெட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உட்கார ஐந்து படி அலுமினிய பெஞ்ச். மே மாதத்திலும் அதன் குளிர் கோட்டைத் தாண்டி ஏறும். ஆனால் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஓடுகிற பிள்ளைகளின் மூச்சுக் கேட்கும். போர்த்துக்கேயத்தில் ஒருவன் திட்டுவான், ஜமேக்காப் பேச்சில் இன்னொருவன் பதில் சொல்வான். ஒருநாள் கோல் காப்பவன் உதைத்த பந்து வந்து என் தேத்தண்ணீர்ப் போத்தலை விழுத்திவிட்டது. அவன் கோலை அம்போவென்று விட்டுவிட்டு ஓடிவந்து, “சொறி அன்ரி, சொறி அன்ரி” என்று போத்தலை எடுத்துத் துடைத்துத் தந்தான். பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினார். பெரிய மைதானத்தில் இது நடக்குமா?

இன்னொன்று சொல்கிறேன். எங்கள் வீட்டுக்குப் புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜைக் கொண்டுவந்து இறக்கிய இரண்டு பேரில் ஒருவன் எங்கள் நான்காம் நம்பர். வாசலில் என்னைக் கண்டதும் ஃபிரிட்ஜைப் பிடித்த கையோடேயே “அன்ரி!” என்று சிரித்தான். அடுத்த சனிக்கிழமை அவன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டபோது எனக்கு நிலைகொள்ளவில்லை. என் வீட்டுப் படியேறி வந்த பிள்ளை போட்ட கோல் அது. இந்த லீக் பத்திரிகையில் வராது, தொலைக்காட்சியில் வராது. ஆனால் நாங்கள் தோற்ற இரவுகளில் என் கோழிக்கறியில் உப்புக் கூடிவிடும் என்பதை என் கணவரைக் கேட்டால் சொல்வார்.

மகன் போனபிறகு ஆறாம் நம்பர் சட்டையை ஆள் மாறி ஆள் போட்டார்கள். ஒருவரும் நிலைக்கவில்லை. எனக்கு அதில் உள்ளூர ஒரு திருப்தி. மகன் இல்லாவிட்டாலும் நான் மம்மா சிக்ஸாகவே உள்ளே போனேன், மம்மா சிக்ஸாகவே வெளியே வந்தேன்.

போன வருடம், பருவத்தின் முதல் ஆட்டம். கையுறை கழற்ற முடியாத குளிர். வாசலில் கிழவர் வழக்கம்போல “மம்மா சிக்ஸ்!” என்று கையை விரித்தார். நானும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கையை நீட்டினேன். அவருடைய கை என்னைத் தாண்டிப் போனது. எனக்குப் பின்னால் சிவப்புக் கோட்டோடு வந்த ஒரு பெண்ணின் தோளைத் தட்டி உள்ளே அனுப்பினார். பிறகுதான் என்னைக் கண்டார். நல்ல மனிசர், பதறிப்போனார். “ஓ, ஓல்ட் மம்மா சிக்ஸ்!” என்றார்.

ஓல்டாம்.

அந்தப் பெண் நேரே வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சில் தமிழ் முகம் என்னுடையது மட்டும்தான், பாவம், வேறெங்கே உட்காருவாள்? மன்னார்ப் பக்கத்து ஆள். பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலை. விரலில் செபமாலை சுற்றியிருந்தது. ஆட்டம் தொடங்கியதும் என் பக்கம் சரிந்து, “அக்கா, இதில எங்கட ஆக்கள் எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். எனக்குக் காதில் புகை வந்தது. எங்கட ஆக்களாம்! எந்தப் பக்கம் என்று தெரியாதவளுக்கு என் பெயரைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, அவள் மகன், இந்தப் புது ஆறாம் நம்பர், எப்படி விளையாடுகிறான் பார்ப்போம் என்று குறை தேடிக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று கண்டுபிடித்தேன். இடது கால் அவ்வளவு சரியில்லை. அதை நான் மனதுக்குள் சொல்லி முடிப்பதற்குள், அதே இடது காலால் மைதானத்தின் மறுகரையில் ஓடிக்கொண்டிருந்தவனின் காலடியில் பந்தைக் கொண்டுபோய் வைத்தான். உதைத்தது மாதிரி இல்லை, கையால் கொண்டுபோய் வைத்தது மாதிரி இருந்தது. என் மகன் பந்தை வாங்கியபிறகு யோசிப்பான். இவன் யோசித்துவிட்டு வாங்கினான். வித்தியாசம் எனக்குத் தெரியாதா? ஆறு வருடம் பார்த்தவள் நான்.

வயிறு எரிந்தது. வேறு நல்ல சொல் போட்டு இதை மூட நான் தயாரில்லை. பொறாமைதான். அவளுக்கு அங்கே ஓடுகிற பிள்ளை இருந்தான். எனக்கு அஜக்ஸில் சோஃபாவில் படுத்திருக்கிற பிள்ளை இருந்தான்.

அதோடு விட்டாளா? இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக்கொண்டு போவது என் வேலை. யாரும் தந்த வேலை இல்லை, நானே எடுத்துக்கொண்டது. ஆரஞ்சை நாலாகப் பிளந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, மூடி போட்ட பெட்டியில் கொண்டுபோவேன். முதல் முறை வாயில் வைத்த பிள்ளைகள் இருமி இருமிக் கண்ணீர் விட்டார்கள். பிறகு அதில்லாமல் இரண்டாம் பாதிக்கு இறங்கமாட்டோம் என்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். கானாக்காரன் ஒருவன் தன் வீட்டிலும் அப்படித்தான் தோடம்பழம் சாப்பிடுகிறானாம். இது நான் இந்தக் கிளப்புக்குச் செய்த சேவை.

அஜக்ஸில் நடந்த ஆட்டத்துக்கு அவள் ரயிலேறி வந்தாள். மடியில் பெரிய அலுமினியத் தட்டு. இடைவேளைக்கு விசில் ஊதியதும் மூடியைத் திறந்தாள். ஆட்டிறைச்சி ரோல்ஸ், அடுக்கடுக்காக, இன்னும் சூடு ஆறாமல்.

“இப்ப குடாதேங்கோ” என்றேன். “பிள்ளையள் இனித்தான் ஓட வேணும். முடிஞ்சாப்பிறகு குடுங்கோ.”

“பசியோட எப்பிடி அக்கா ஓடுறது?” என்றாள். அவள் முகத்தில் உண்மையான கவலை இருந்தது. எங்கள் சனத்துக்கு ஒரு பிள்ளை வேர்த்துக் களைத்து முன்னால் நின்றால் உடனே வயிற்றுக்குள் எதையாவது இறக்கிவிட வேண்டும். ஓட்டப்போட்டியா, சோதனையா, என்னவானாலும் கவலை இல்லை.

பிள்ளைகள் பாய்ந்து விழுந்து சாப்பிட்டார்கள். என் தோடம்பழப் பெட்டியை ஒருவன்கூடத் திறக்கவில்லை. இரண்டாம் பாதியில் ஒன்பதாம் நம்பர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஏப்பம் விட்டான். பின்வரிசையில் நின்றவன் வயிற்றைத் தடவினான். மூன்று கோல் வாங்கித் தோற்றோம். பயிற்சியாளர் தட்டில் மிஞ்சிக் கிடந்த ரோல்ஸைப் பார்த்த பார்வையில் அது தானாகவே எரிந்திருக்க வேண்டும். தோற்றது எனக்குத் துக்கம்தான். ஆனால் இனி இந்த ரோல்ஸ் பக்கம் எவனும் தலைவைத்துப் படுக்கமாட்டான் என்று காரில் வரும்போது கொஞ்சம் பாட்டும் முணுமுணுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை வந்தது. கோல் காப்பவன், என் போத்தலைத் துடைத்துத் தந்த அதே பிள்ளை, வேலியோரம் ஓடிவந்தான். “அன்ரி, நோ ரோல்ஸ் டுடே?” என்றான். என்னிடம் இல்லை. அவளிடம்.

பயிற்சியாளர் ஒரு சட்டம் போட்டார். ரோல்ஸ் ஆட்டம் முடிந்தபிறகு மட்டும்தான். அதன்பிறகு எங்கள் ஆட்கள் ஆட்டத்தை முடிப்பதிலேயே ஒரு தனி உற்சாகம் காட்டினார்கள் என்று எனக்குப் பட்டது.

இவ்வளவு கொடுத்து வைத்தவள் ஆட்டத்தையாவது பார்ப்பாளா என்றால், அதுவும் இல்லை. மகனின் காலுக்குப் பந்து வந்தால் போதும், தலையைக் குனிந்துவிடுவாள். விரல் செபமாலையை உருட்டும். சத்தத்தை வைத்துத்தான் கோலா இல்லையா என்று அறிந்துகொள்வாள். ஒருநாள் ஒன்பதாம் நம்பரின் அப்பா படியேறி வந்து, “உங்கள் மகனைப்போல ஒரு ஆறாம் நம்பர் இந்தக் கிளப்புக்கு இதுவரை வந்ததில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னார். இதுவரை வந்ததில்லையாம். நான் அங்கேயே, அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.

அவள் சந்தோசப்பட்டிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். அவளோ முகம் வெளிறி, “நோ, நோ, சும்மா ஓடுறான்” என்று இரண்டு மொழியையும் கலந்து மறுத்தாள். அவர் இறங்கிப் போனதும் திரும்பி மெல்லத் துப்புகிற பாவனை செய்தாள்.

“இப்பிடிச் சொல்லப்படாது அக்கா. கண் பட்டிடும்” என்றாள்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டு, காசு கொடுத்து உள்ளே வந்து, காலடியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாளே. எனக்கு அப்படி ஒருவன் அங்கே ஓடிக்கொண்டிருந்தால் இந்த மின்சாரக் கோபுரமெல்லாம் அதிர அல்லவா கத்துவேன் என்று நினைத்தேன்.

நினைத்ததோடு நிற்கவில்லை. கத்தத் தொடங்கினேன். பெயர்தான் போய்விட்டது, குரலாவது என்னுடையதாக இருக்கட்டும். எண் பார்க்கவில்லை, நிறம் பார்க்கவில்லை. “குடு! குடு! திருப்பு! பின்னால ஆள் வாறான்!” எல்லாம் தமிழில்தான், ஆங்கிலத்தில் எனக்கு அந்த வேகம் வராது. கொஞ்ச நாளில் போர்த்துக்கேயப் பிள்ளை ஒருவன் தன் ஆட்களுக்கு “பின்னால! பின்னால!” என்று எச்சரிக்கை கொடுப்பதை என் காதால் கேட்டேன். யூனியன்வில்லில் நடந்த ஆட்டத்தில் எதிரணிக்காரர்கள் என்னைப் பற்றி நடுவரிடம் முறையிட்டார்கள். அவர் வேலியருகே வந்து, கொஞ்சம் மெதுவாகக் கத்தமுடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது.

அந்த ஆட்டத்திலிருந்து திரும்பும்போது அவளை என் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பஸ்ஸுக்கு நிற்க விட மனம் வரவில்லை, பொறாமை வேறு, குளிர் வேறு. பாதி வழியில் அவள் சொன்னாள்.

“உங்களைப் பார்க்க எனக்கு எரிச்சலாக் கிடக்கு அக்கா. பொய் சொல்லேல்லை. பந்து ஆரிட்டப் போனாலும் உங்களால நிமிந்திருந்து பார்க்க ஏலுது. எவ்வளவு நிம்மதி உங்களுக்கு.”

நிம்மதியாம்! நெடுஞ்சாலையில் வெளியேறுகிற வழியைத் தவறவிட்டு, சுற்றிப் போய்த்தான் அவளை இறக்கினேன். என் இடத்தில் இருந்துகொண்டு என்னைப் பார்த்து எரிகிறாளாம்.

பருவத்தின் கடைசி வீட்டு ஆட்டம் வந்தபோது என் கார் திருத்தக் கொடுத்துக் கராஜில் கிடந்தது. கணவர் வெளியே போயிருந்தார். மகனைக் கேட்டேன். அலுத்துக்கொண்டுதான் வந்தான். என்னை வாசலில் இறக்கிவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. ஆனால் கிழவர் அவனைக் கண்டுவிட்டார். “சிக்ஸ்!” என்று ஓடிவந்து கட்டிப்பிடித்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த மூச்சிலேயே மைதானத்தைக் காட்டி, “எங்கள் சிக்ஸைப் பார்த்துவிட்டுப் போ, யூ வோன்ட் பிலீவ் இட்” என்றார்.

மகன் சிரித்தான். ஆனால் கார்ச் சாவி அவன் கையிலிருந்து சட்டைப்பைக்குள் போனது. என்னோடு படியேறி வந்து உட்கார்ந்தான்.

எனக்கு அன்றைக்குத் திருவிழா. அவளுக்கும் எனக்கும் நடுவில் அவனை இருத்தினால் அவன் முகம் அவளுக்கு வடிவாகத் தெரியாது என்று, அவனை என் மறுபக்கத்தில் இருத்திவிட்டு, “இவன்தான் என்ர மகன். முந்தி ஆறாம் நம்பர்” என்று சத்தமாகவே அறிமுகம் செய்தேன்.

“அப்பிடியோ தம்பி, சந்தோசம்” என்றாள். அதற்குமேல் பார்க்கவில்லை. பந்து அவள் மகனிடம் போய்க்கொண்டிருந்தது, தலையைக் குனிந்துவிட்டாள்.

என் மகன் ஆட்டத்தைப் பார்த்தான். அவன் கண் அந்தப் பிள்ளையை விட்டு நகரவில்லை. இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் இடைவேளை வந்தது, போனது. தோடம்பழத் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, “இப்பவும் இது கொண்டு வாறீங்களோ?” என்று மட்டும் கேட்டான்.

இரண்டாம் பாதியில் ஆறாம் நம்பர் எதிரணியின் இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து பந்தைப் பிடுங்கினான். எனக்கு உட்கார முடியவில்லை. பெஞ்சின் மேல் ஏறிவிட்டேன். “போ ராசா! நீயே போ! ஒருத்தருக்கும் குடாதை! போ என்ர ராசா!” தொண்டை கிழிந்தது. கீழ்ப்படியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. மூச்சு வாங்கக் கீழே இறங்கி உட்கார்ந்தேன்.

மகன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எப்ப இருந்து இப்பிடிக் கத்துறீங்கள்?”

“இதென்ன கேள்வி? உனக்கும் கத்தினனான்தானே.”

“இல்லை அம்மா.” குரலில் கோபம் இல்லை. “நெவர். பந்தைக் குடுத்துப்போட்டு ஒவ்வொரு முறையும் நான் இந்த பெஞ்சைத்தான் பார்ப்பன். நீங்கள் எப்பவும் குனிஞ்சுகொண்டு இருப்பீங்கள். உங்களுக்கு இது பிடிக்கேல்லை, எனக்காக வந்து குளிருக்க இருக்கிறீங்கள் எண்டுதான் நினைச்சனான்.”

“கண் பட்டிடும் எண்டு...” என்று தொடங்கினேன். அந்த வருடம் முழுக்க இதே சொல்லை இன்னொருத்தியின் வாயில் கேட்டு நான் சிரித்திருக்கிறேன்.

“அவனை ராசா எண்டுறீங்கள்” என்றான் மகன். சிரிக்கத்தான் பார்த்தான், சரியாக வரவில்லை. அந்த முகம் என்ன முகம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருடம் முழுக்க நான் வைத்திருந்த முகம் அது.

எதிரணி உதைத்த பந்து திரும்பவும் ஆறாம் நம்பரிடம் வந்தது. அவன் அதை வாங்கி, ஓரமாக ஓடியவனுக்குக் கொடுத்தான். கொடுத்த கையோடு திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தான். எனக்குப் பக்கத்தில் அவள் குனிந்திருந்தாள், விரலில் செபமாலை உருண்டுகொண்டிருந்தது. நான் அவளை முழங்கையால் இடித்தேன். கொஞ்சம் பலமாகவே இடித்தேன்.

“நிமிந்து பாருங்கோ. உங்களைத்தான் பார்க்கிறான்.”

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு கணம்தான். பிறகு அவன் பந்துக்குப் பின்னால் ஓடிவிட்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதுவரை அவளைப் பார்த்து நான் எரிந்ததெல்லாம் இந்த எரிவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பார்வை எனக்கும்தான் வந்துகொண்டிருந்திருக்கிறது, சனிக்குச் சனி, ஆறு வருடமாக. நான் காலடியில் கிடந்த சூரியகாந்தி விதைக் கோதுகளைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.